பொழுது சாய்ந்த பிறகு எந்த வெள்ளை?

விளக்கு விற்கும் நிறுவனங்களின் கையேடுகளில் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். படுக்கையறைக்கு 2700 கெல்வின், வரவேற்பறைக்கு 3000, சமையலறைக்கு 4000, படிக்கும் அறைக்கு 5000 அல்லது 6500. பார்க்க ஒழுங்காக இருக்கும் இந்த அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை உள்ள வீட்டை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. நம் வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. மாலை ஆறரைக்குப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை விரிக்கும் ஹாலில்தான் எட்டரைக்குத் தட்டு வைத்துச் சாப்பாடு நடக்கிறது. பத்து மணிக்கு அதே தரையில் பாய் விரிக்கப்படுகிறது. இந்த ஹாலுக்கு எத்தனை கெல்வின் என்று கேட்டால் அட்டவணையிடம் பதில் இல்லை. கேள்வியையே மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். விளக்கின் நிறத்தை அறையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிடப் பொழுதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணும் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி, அந்த வெளிச்சம் எவ்வளவு, எந்த உயரத்திலிருந்து கண்ணில் விழுகிறது என்பதில் இருக்கிறது.

கெல்வின் என்பது வெப்பநிலையின் அளவு. அது ஒரு நிறத்துக்குப் பெயரானது எப்படி என்பதைக் கொல்லன் பட்டறை காட்டிவிடும். உலையில் வைத்த இரும்பு ஏறக்குறைய 800 கெல்வினில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்குகிறது. ஊத ஊத ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெளிர் மஞ்சளை நெருங்குகிறது. சூடான பொருள் எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விடும் என்பதற்கான சூத்திரத்தை 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கண்டுபிடித்தார். சூடு ஏற ஏற அந்த ஒளியில் நீலத்தின் பங்கு கூடும். குத்துவிளக்கின் சுடர் 1900 கெல்வினை ஒட்டியது. பழைய குண்டு பல்பின் இழை சுமார் 2700. உச்சி வெயில் 5500 அளவில் இருக்கும்; மேகம் மூடிய வானம் 6500-ஐத் தொடும். ஆகவே நாம் 'சூடான வெள்ளை' என்று அழைக்கும் வார்ம் ஒயிட்டுக்குத்தான் வெப்பநிலை குறைவு. தீயின் நிறத்தை வெப்பத்தோடும் நீரின் நிறத்தைக் குளிர்ச்சியோடும் சேர்த்துப் பார்க்கும் ஓவியர் வழக்கிலிருந்து வந்த பெயர் அது. இயற்பியலின் கணக்கு அதற்கு நேர் எதிர்.

இழை பல்பில் இந்த எண்ணுக்கு நேரடிப் பொருள் இருந்தது. டங்ஸ்டன் 3695 கெல்வினில் உருகிவிடும் என்பதால் எந்த இழை விளக்கும் அதற்கு மேல் வெளுக்க முடியாது. 6500 கெல்வின் குண்டு பல்பு என்பது நடக்காத காரியம். இன்று அந்த எண்ணைத் தாங்கி வரும் எல்இடியில் எதுவும் அந்தச் சூட்டில் எரியவில்லை. உள்ளே இருப்பது நீல ஒளி உமிழும் சிறு சில்லு. அந்த நீலத்தைக் கண்டடைந்ததற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சில்லின் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றித் தருகிறது. தப்பி வரும் நீலமும் மாறி வந்த மஞ்சளும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. பூச்சு தடித்தால் நீலம் குறைந்து 2700 கெல்வின், மெலிந்தால் 6500. பெட்டியில் உள்ள எண், 'இந்த வெப்பநிலையில் கனலும் பொருளைப் போலக் கண்ணுக்குத் தோன்றும்' என்கிற ஒப்புமை மட்டுமே. தோற்றம் ஒத்திருந்தாலும் உள்ளிருக்கும் அலைநீளக் கலவை ஒன்றாக இருக்கும் கட்டாயம் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தீரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கெல்வின் எண்களின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் இடைவெளி அல்ல. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் எண்ணை ஒளியியலாளர்கள் மைரெட் என்பார்கள். கண் உணரும் வேறுபாட்டுக்கு அதுவே நெருக்கமானது. 3000 என்பது 333 மைரெட், 4000 என்பது 250. வேறுபாடு 83. 5000-க்கும் 6500-க்கும் நடுவே 1500 கெல்வின் இருந்தும் மைரெட் கணக்கில் அது 46 மட்டுமே. வார்ம் ஒயிட்டுக்கும் நேச்சுரல் ஒயிட்டுக்கும் இடையிலுள்ள தாவல்தான் பெரிது. நேச்சுரல் ஒயிட் நடுவில் இருக்கும் சமரசம் என்று நினைத்து இரவு விளக்குக்கு அதை வாங்குபவர்கள், பகலை நோக்கிப் பாதிக்கு மேல் கடந்துவிட்டார்கள்.

நிறம் ரசனை சார்ந்தது, பிடித்ததைப் போட்டுக்கொள்ளட்டும் என்று 1990-கள் வரை சொல்லியிருக்கலாம். கண்ணில் ஒளியை உணரும் செல்கள் இரண்டே வகை, அவை பார்ப்பதற்கு மட்டுமே என்பது பாடப்புத்தகக் கருத்தாக இருந்தது. 1998-இல் இக்னேசியோ புரோவென்சியோவும் உடன் ஆய்ந்தவர்களும் தவளைத் தோலின் நிறமிச் செல்களில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் அதே புரதம் மனித விழித்திரையின் உள் அடுக்கிலும் இருப்பது தெரிந்தது. 2002-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சன், விழித்திரையின் சில நரம்புச் செல்கள் மற்ற ஒளியுணர் செல்களின் துணையில்லாமல் தாமாகவே ஒளிக்கு விழிப்பதைக் காட்டினார். இச்செல்களின் செய்தி முக்கியமாகச் செல்வது மூளையில் உடலின் நாள்கடிகாரம் இருக்கும் இடத்துக்கு. வெளியே பகலா இரவா என்பதை அவைதான் உடலுக்குச் சொல்கின்றன. மெலனாப்சின் 480 நானோமீட்டர் அருகே, அதாவது நீலத்தில், மிகக் கூர்மையாக விழிக்கிறது. அது விழித்திருக்கும்வரை, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு அடங்கியே இருக்கும். 6500 கெல்வின் விளக்கு மாலையில் ஏன் வெறும் அலங்கார விஷயம் அல்ல என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

வேர் இருந்தால் மட்டும் போதாது. வீட்டு வெளிச்சத்தின் அளவிலும் விளைவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 2013-இல் கென்னத் ரைட் என்பவரின் குழு, எட்டுப் பேரைக் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தது. வெயிலும் இரவில் மூட்டிய தீயும் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. அந்த ஒரு வாரத்தில் அவர்களின் உடல் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்திருந்தது. மின்விளக்கு வாழ்க்கை நம் இரவை எவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறது என்பதன் அளவாக இதைக் கொள்ளலாம். 2020-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஷான் கெய்னும் குழுவினரும் வீடு வீடாக மாலை வெளிச்சத்தை அளந்தார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகளில், சராசரி மனிதரின் மெலடோனினைப் பாதியாகக் குறைக்கப் போதுமான வெளிச்சம் இருந்தது. எல்இடி போன்ற மின்சிக்கன விளக்குகள் எரிந்த வீடுகளில், மெலனாப்சினை எழுப்பும் வெளிச்சம் இழை பல்பு வீடுகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஜப்பானில் ஷிகேகாசு ஹிகுச்சி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நேரானது. இரவில் 3000 கெல்வின் விளக்கையும் 6200 கெல்வின் விளக்கையும் மாற்றி மாற்றி எரியவிட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் சோதித்தார்கள். குழந்தைகளின் மெலடோனின் 6200-இன் கீழ் மேலும் அதிகமாக அடங்கியது. தூக்கக் கலக்கமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது.

இந்த ஆய்வுகள் நடந்த இடங்கள் வேறு, நம் மாலை வேறு. அந்த வேறுபாடு நமக்குச் சாதகமானதல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் கோடை மாலை நீளும்; வட ஐரோப்பாவில் கோடையில் இரவு பத்து மணிக்குக்கூட வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். சென்னையில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது சுமார் 5.40-க்கும் 6.40-க்கும் இடையில்தான். அந்தி சீக்கிரம் கரைந்துவிடும். பத்தரைக்குப் படுப்பவர் ஆண்டின் 365 நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மின்விளக்கை நம்பியே இருக்கிறார். அந்த நான்கு மணி நேரமும் எரிவது எந்த வெள்ளை என்பது, அதனால், இங்கே கூடுதல் கனம் உள்ள கேள்வி.

எவ்வளவு வெளிச்சம் தகும் என்பதற்கு இப்போது ஓர் எண் இருக்கிறது. டிமோதி பிரவுன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட பரிந்துரை அது. ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு லக்ஸ்; அதை அவர்கள் மெலனாப்சின் உணரும்படி எடைபோட்டுச் சொல்கிறார்கள். பகலில் கண்ணில் குறைந்தது 250 விழ வேண்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து 10-ஐத் தாண்டக் கூடாது. தூங்கும்போது 1-க்குள். இதை நம் ஹாலில் வைத்துப் பார்ப்போம். டியூப்லைட் எரியும் அறையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் 80 லக்ஸ் விழுகிறது என்று கொள்வோம். 6500 கெல்வின் எல்இடியில் மெலனாப்சின் பங்கு சுமார் 0.9, ஆக 72. அதே 80 லக்ஸை 2700 கெல்வின் எல்இடி தந்தால் பங்கு சுமார் 0.45; ஆக 36. நிறத்தை மாற்றியதில் பாதி குறைந்தது உண்மை. ஆனாலும் பரிந்துரைத்த அளவைப்போல மூன்றரை மடங்கில் நிற்கிறோம். வெளிச்சத்தையே 20 லக்ஸாக இறக்கினால்தான் 9 வருகிறது. மஞ்சள் பல்பு வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. ஃபால்ஸ் சீலிங் முழுக்கப் பன்னிரண்டு வார்ம் ஒயிட் விளக்குகளைப் பதித்து எரிப்பதைவிட, ஒற்றை வெள்ளை பல்பை மங்கலாக எரிப்பது உடலுக்கு இரவாகத் தெரியக்கூடும்.

விளக்கு இருக்கும் உயரமும் கணக்கில் சேரும். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பாதியில் விழுகிறது. 2003-இல் கிளிக்மன், பிரெயினார்டு முதலியோர் செய்த சோதனையில், கீழ்ப்பாதியில் விழும் ஒளிதான் மெலடோனினை அதிகம் அடக்கியது. திறந்த வானம் எப்போதும் தலைக்கு மேல் இருப்பதால் உடல் அப்படி அமைந்திருப்பதில் வியப்பில்லை. இரவில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே, சுவரில் பட்டுத் திரும்பும்படி ஒரு விளக்கை வைப்பது கெல்வினை மாற்றுவதற்கு இணையான காரியம். நம் பழைய வீடுகளில் மாடவிளக்கும் தரையில் நின்ற குத்துவிளக்கும் இருந்தது வேறு காரணங்களுக்காக. உடல் கடிகாரத்துக்கு அந்த உயரம் ஒத்துப்போயிருக்கிறது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு ஆய்வகத்திலிருந்தே வருகிறது, அது வலுவானதும்கூட. பாசலில் கிறிஸ்டின் புளூமே நடத்தி 2023-இல் வெளியான சோதனையில், மெலனாப்சினை ஒரே அளவில் தூண்டும்படி சரிசெய்த நீலச் சாயல் ஒளியையும் மஞ்சள் சாயல் ஒளியையும் இரவில் காட்டினார்கள். உடல் கடிகாரத்திலோ தூக்கத்திலோ நிறத்தால் வேறுபாடு வந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அப்படியானால் மஞ்சள் விளக்குக்கு மதிப்பில்லையா? சோதனை சொல்வதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் தோற்றத்தால் தூக்கம் வருவதில்லை. மெலனாப்சின் உறிஞ்சும் அலைநீளம் குறைவதால்தான் உடல் இரவை ஏற்கிறது. கடையில் கிடைக்கும் வார்ம் ஒயிட் எல்இடியில் அந்த அலைநீளம் பாதியாக இருப்பதால் அது பயன்படுகிறது. வெள்ளை விளக்கின் மேல் மஞ்சள் துணியைக் கட்டினாலும் நீலம் வடிகட்டப்படும் அளவுக்குப் பயன் உண்டு. கெல்வின் இங்கே ஒரு கைகாட்டி. அதைக் கடந்து வெளிச்சத்தின் அளவுக்குப் போக வேண்டும் என்ற நம் வாதத்தை இந்தச் சோதனை உறுதியாக்குகிறது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் பெரிது. 2019-இல் ஆண்ட்ரூ பிலிப்ஸ் முதலியோர் அளந்தபோது, மெலடோனின் பாதியாகச் சராசரியாக 25 லக்ஸ் போதுமானதாக இருந்தது. மிக உணர்வுள்ளவருக்கும் மிகக் குறைவானவருக்கும் இடையில் 50 மடங்குக்கு மேல் வேறுபாடு. 'எனக்கு டியூப்லைட் வெளிச்சத்திலேயே தூக்கம் வரும்' என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் உள்ள மற்ற நால்வருக்கும் அது பொருந்தும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருவது. மஞ்சள் விளக்கு மங்கல், அழுது வடிகிறது, வெள்ளைதான் பளிச்சென்று இருக்கிறது, சுவர் சுத்தமாகத் தெரிகிறது என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரே வாட்டில் 2700 கெல்வின் எல்இடி பொதுவாகச் சற்றுக் குறைந்த லூமனே (விளக்கு விடும் மொத்த ஒளியின் அளவு) தரும். நீலத்தைச் சிவப்பாக மாற்றுவதில் ஆற்றல் செலவாகிறது, சிவப்புக்குக் கண்ணின் உணர்வும் குறைவு. அந்தக் குறைவு நூற்றுக்குப் பத்தை ஒட்டியதுதான்; பெட்டியில் வாட்டுக்குப் பதில் லூமனைப் பார்த்து வாங்கினால் ஈடுசெய்துவிடலாம். 'அழுது வடிகிறது' என்ற உணர்வுக்குக் காரணம் வேறு. கண் சுற்றியுள்ள வெளிச்சத்தையே வெள்ளையாகக் கொள்ளப் பழகும் தன்மை உள்ளது; இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி ஒரு நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது. அறை முழுக்க ஒரே நிறம் எரிந்தால் ஒரு நிமிடத்தில் வேட்டி வெள்ளையாகவே தெரியும். பக்கத்து அறையில் 6500 எரிய, இங்கே 2700 எரிந்தால், கண் எதையும் வெள்ளையாக ஏற்க முடியாமல் தவிக்கும். இந்த அறை மஞ்சள் காமாலை பிடித்தது போலத் தெரியும். குறை விளக்கில் இல்லை, கலப்பில் இருக்கிறது. இதற்கு மேல் வரலாறும் ஒன்று உண்டு. டியூப்லைட் நம் வீட்டுக்கு வந்தபோது குண்டு பல்பின் மஞ்சள் ஏழ்மையின் அடையாளமாகவும் டியூப்லைட்டின் வெள்ளை முன்னேற்றத்தின் அடையாளமாகவும் பதிந்துவிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான எல்இடி பல்புகள் நாடெங்கும் வந்தன. அரசு கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது. மின்சாரக் கணக்கில் அது பெரும் சாதனை. மலிவான எல்இடியில் எந்த வெள்ளையும் ஒரே விலைக்குக் கிடைக்கும் காலம் வந்தும், பழைய அடையாளம் மட்டும் மாறவில்லை.

வெப்ப நாட்டில் குளிர் வெள்ளைதான் இதமாக இருக்கும் என்பது மூன்றாவது மறுப்பு. நீலச் சாயல் அறையைக் கொஞ்சம் குளிர்ச்சியாக உணரச் செய்யலாம்; சோதனைகளில் தெரிந்த விளைவு சிறியது, மின்விசிறியின் ஒரு சுற்றுக்கு முன் நிற்காது. இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் விதி ஒன்று ஒளியமைப்பு நூல்களில் எழுபது ஆண்டுக்கு மேல் ஆண்டது. ஐந்தோவனில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய க்ராய்ட்ஹோஃப் 1941-இல் வரைந்த வளைகோடு அது. குறைந்த வெளிச்சத்தில் தாழ்ந்த கெல்வினும் நிறைந்த வெளிச்சத்தில் உயர்ந்த கெல்வினும் இதமானவை என்றது. 2017-இல் ஸ்டீவ் ஃபோட்டியோஸ் அதுவரையான சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெளிச்சத்தின் அளவு இதத்தை மாற்றுவது தெரிந்தது. கெல்வின் அவ்வளவாக மாற்றவில்லை. ஆக, இதம் என்ற பெயரில் 6500-க்கு வாதாடுவதும் 2700-க்கு வாதாடுவதும் ஒரே அளவு பலவீனமானவை. இரவில் 2700-ஐப் பரிந்துரைக்கக் காரணம் அழகுணர்ச்சி அல்ல என்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கெல்வினைப் பற்றிய பேச்சில் நிறத் துல்லியம் காணாமல் போய்விடுகிறது. சமையலறையில் அதுதான் முக்கியம். பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பவர்கள் செய்வது சரியான அறிவியல் சோதனை. உள்ளே ஒரே நிறமாகத் தெரிந்த உடலும் முந்தானை நூலும் வெயிலில் வேறாகத் தெரியலாம். தோற்றம் ஒத்த இரு வெள்ளைகளின் உள் கலவை வேறு என்று முன்பு சொன்னதன் நேரடி விளைவு அது. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சிஆர்ஐ என்ற எண் சொல்கிறது. எட்டு வெளிர் நிறங்களின் சராசரி அது. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியே நிற்கிறது. சிஆர்ஐ 80 உள்ள மலிவு பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். மீனின் செவுள் சிவந்திருக்கிறதா, வெங்காயம் பொன்னிறமா கருகலா, தக்காளி பழுத்ததா அடிபட்டதா என்று பார்ப்பதெல்லாம் சிவப்பின் நுணுக்கம். சமையல் மேடைக்குக் கெல்வின் 3000-ஆ 4000-ஆ என்று யோசிப்பதைவிடச் சிஆர்ஐ 90 உள்ளதாகப் பார்த்து, தலைக்குப் பின்னால் இல்லாமல் மேடைக்கு நேர் மேலே பொருத்துவது மேல். நறுக்கும் கையின் நிழல் பலகையில் விழாமலும் இருக்கும்.

வயதானவர்களுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். லென்சு மஞ்சளாகி நீலத்தைக் குறிப்பாக வடிகட்டுகிறது. அவர்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது பகலில் வேண்டும். மர நிழலில்கூட வெளியே பத்தாயிரம் லக்ஸ் கிடைக்கும்போது, வீட்டின் உட்சுவரோரம் நூறு லக்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு எந்த விளக்கும் ஈடாகாது. நாற்காலியைச் சன்னலருகே, திண்ணைக்கு, வாசலுக்கு நகர்த்துவதுதான் மருந்து. இரவில் செய்தித்தாளோ மாத்திரை அட்டையோ படிக்க, தாளின் மேல் மட்டும் விழும் வார்ம் ஒயிட் விளக்கு போதும். படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பிரிவினை பொருந்தும். 6500 கெல்வின் அவர்களை விழிப்பாக வைக்கிறது என்று பெற்றோர் சொல்வது மெய். ஹிகுச்சி குழு கண்டதும் அதைத்தான். மாலை ஆறரைக்கு அந்த விழிப்பு உதவி. ஒன்பதரைக்கு அதே விழிப்பு, காலையில் எழுப்பும்போது எழ முடியாத பிள்ளையாகத் திரும்பி வருகிறது.

ஆகவே வீட்டுக்கு வயரிங் செய்யும்போது எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது, ஹாலில் ஒன்றுக்கு இரண்டாக லைட் பாயின்ட். மேலே ஒரு 4000 அல்லது 6500 கெல்வின் பேட்டன், படிப்புக்கும் கூட்டிப் பெருக்கவும் விருந்தாளிகள் வரும் பகலுக்கும். தோள் உயரத்துக்குக் கீழே, தனி சுவிட்சில், 2700 கெல்வின் ஐந்து வாட் பல்பு ஒன்று, சாப்பாட்டு வேளையிலிருந்து படுக்கும்வரை. சுவிட்சை அணைத்துப் போட்டால் மூன்று நிறங்களுக்கு மாறும் 3-இன்-1 விளக்குகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. நிறத்தை மாற்றினாலும் அளவைக் குறைக்காதவை அவை என்பதை நினைவில் வைத்து வாங்கலாம். வாடகை வீட்டில் வயரைத் தொட முடியாதென்றால் பிளக்கில் செருகும் மேசை விளக்கு ஒன்றே இந்த வேலையைச் செய்யும். படுக்கையறைக்கு 2700-க்கு மேல் எதுவும் தேவையில்லை. நடு இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்னும் நீல நிற நைட் லேம்ப் இருந்தால் கழற்றிவிட்டு, சிவப்போ ஆரஞ்சோ உள்ள சிறு விளக்கை முழங்கால் உயரத்தில் செருக வேண்டும். தடுக்கி விழாமல் நடக்க அந்த வெளிச்சம் போதும். திரும்பி வந்து படுக்கும்போது உடலுக்கு இன்னும் இரவாகவே இருக்கும்.